4294967297 பகா எண்ணா இல்லையா? என் நிரல் ஆம் என்கிறது

மீதி_ஒன்று:
பகா எண் கண்டுபிடிக்க ஒரு குட்டி நிரல் எழுதினேன். எண்ணில் ஒன்றைக் கழித்து, 2-ஐ அந்த அடுக்குக்கு உயர்த்தி, அதே எண்ணால் வகுக்கும். மீதி 1 வந்தால் பகா எண். 3 முதல் 300 வரை ஓட்டியதில் ஒரு தப்பும் இல்லை. அந்தத் தைரியத்தில் 4294967297-ஐக் கொடுத்தால் பகா எண் என்கிறது, ஆனால் 641-ஆல் மீதியில்லாமல் வகுபடுகிறது. பிழை எங்கே?

வகுத்தி:
நிரலில் பிழை இல்லை, சோதனையே அவ்வளவுதான். 300-இல் நிறுத்திவிட்டீர்கள், இன்னும் 41 தள்ளிப் போயிருந்தால் 341-இலேயே மாட்டியிருப்பீர்கள் (11 × 31, ஆனாலும் மீதி 1 வரும்). இவற்றைப் போலிப் பகா எண்கள் என்பார்கள்.

உங்கள் எண் ஏன் ஏமாற்றுகிறது என்றால், அது 2-இன் 32-ஆம் அடுக்கோடு 1 கூட்டியது. அதனால் அந்த அடுக்கை இந்த எண்ணால் வகுத்தால் மீதி −1, வர்க்கப்படுத்தினால் 64-ஆம் அடுக்குக்கு மீதி 1. நீங்கள் உயர்த்தும் அடுக்கோ 4294967296, அது 64-இன் மடங்கு, அப்புறம் 1 வராமல் என்ன வரும்? 2-க்குப் பதில் 3 போட்டுப் பாருங்கள்.

பழைய_கணக்கு:
நீங்கள் மட்டும் ஏமாறவில்லை, பழைய கணித மேதை ஃபெர்மாவே ஏமாந்த எண் இது. 2-இன் 1, 2, 4, 8, 16-ஆம் அடுக்குகளோடு 1 கூட்டினால் வரும் 3, 5, 17, 257, 65537 எல்லாம் பகா எண்களாக இருக்கவே அடுத்ததும் அப்படித்தான் என்று நம்பினார். 1732-இல் ஆய்லர் என்ற கணித மேதை உடைத்தார்: 641 × 6700417. இரண்டுமே பகா எண்கள். இந்த வரிசையில் 65537-க்குப் பிறகு இன்றுவரை ஒரு பகா எண்கூடச் சிக்கவில்லை.

கணினி இல்லாமல் 641 எப்படி அகப்பட்டது என்றால், இந்த எண்ணின் பகாக் காரணி எதுவானாலும் 128-ஆல் வகுத்தால் மீதி 1 வர வேண்டும் (ஆய்லர் கையில் இருந்தது 64 வரைதான், 128 பின்னால் வந்தது). 129, 257, 385, 513, 641 என்று போனால் அதில் பகா எண்கள் 257, 641 இரண்டு மட்டுமே. 257-ஆல் வகுத்தால் மீதி 2. அடுத்த வகுத்தலில் வேலை முடிந்தது!

மீதி_ஒன்று:
3 போட்டதும் பகு எண் என்று சொல்லிவிட்டது, நன்றி. சரி, வகைப்படுத்தினால் இது நிறை எண்ணா, குறை எண்ணா?

வகுத்தி:
தன்னை விட்டு மற்ற வகுத்திகளின் கூட்டல் எண்ணுக்கே சமமானால் நிறை எண், அதைவிடக் குறைந்தால் குறை எண். இது குறை எண், அதுவும் படுகுறை. தன்னை விட்டால் வகுத்திகள் 1, 641, 6700417 மட்டும், கூட்டினால் 6701059. அதில் பெரிய சுவாரசியம் இல்லை. எனக்குப் பிடித்தது வேறு: 65536-இன் வர்க்கம் கூட்டல் 1 என்பது எல்லோருக்கும் தெரியும், ஆனால் 62264, 20449 இரண்டின் வர்க்கங்களைக் கூட்டினாலும் இதே எண்தான். பகா எண்ணை இரண்டு வர்க்கங்களின் கூட்டலாக ஒரு வழிக்கு மேல் எழுத முடியாது, ஆக 641 தெரியாமலேயே இது பகு எண் என்று சொல்லிவிடலாம். போனால் போகிறது, 20449-உம் 143-இன் வர்க்கம்தான்.