குடியேறிப் போன நம்மவரே குடியேற்ற எதிர்ப்புக் கட்சிக்கு வாக்குப் போடுவது ஏன்?

மஸ்கெலியா மதி:

என் பெரியம்மாவின் மகன், எனக்கு அண்ணன் முறை, 2009ல் மாணவர் விசாவில் லண்டன் போனவர். இப்போது பிரித்தானியக் குடியுரிமை, சொந்த வீடு, இரண்டு பிள்ளைகள் என்று நன்றாக இருக்கிறார். 2024 ஜூலைத் தேர்தலில், குடியேற்றத்தை எதிர்க்கிற ரிஃபோர்ம் யூகே கட்சிக்கு வாக்குப் போட்டாராம். அடுத்த முறையும் அதற்குத்தானாம். "நாங்கள் காசு கட்டி, பேப்பர் எல்லாம் ஒழுங்காகக் கொடுத்து வந்தோம். இவன்கள் படகில் வந்து இறங்கி ஹோட்டலில் படுத்திருக்கிறான்கள்" என்கிறார்.

எனக்குத் தாங்கவில்லை. எங்கள் தாத்தா இலங்கை மலையகத்தில் நாடற்றவராகவே செத்துப் போனவர். 1964ல் இலங்கையும் இந்தியாவும் செய்த சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தத்தில் அவருடைய தம்பி குடும்பத்தைக் கப்பலேற்றித் தமிழ்நாட்டு மண்டபம் முகாமுக்கு அனுப்பினார்கள். அவர்களின் பிள்ளைகள் இன்றும் கூடலூர்ப் பக்கம் தேயிலைத் தோட்டத்தில்தான் வேலை செய்கிறார்கள். இந்தக் கதைகளைக் கேட்டு வளர்ந்தவர்தான் அண்ணனும்.

இதே மாதிரிக் குடியேற்ற எதிர்ப்புக் கட்சிகள்தான் மற்ற நாடுகளிலும். நெதர்லாந்தில் 2023 தேர்தலில் வில்டர்ஸின் கட்சி 150ல் 37 ஆசனம் எடுத்து முதலாவதாக வந்தது. ஜேர்மனியில் 2025 பெப்ரவரியில் ஏஎஃப்டி கட்சி 20.8 வீதம் எடுத்தது. இத்தனை பேரையும் இனவாதி என்று சொல்லிவிட்டுப் போக எனக்கு மனம் வரவில்லை. எது இவர்களை இழுக்கிறது? தயவுசெய்து திட்டாமல் விளக்குங்கள்.

லிங்கன்ஷயர் தங்கச்சி:

அக்கா, நான் பண்டாரவளை. 2022ல் பராமரிப்பு வேலை விசாவில் வந்தேன். பொஸ்டன் என்ற ஊருக்குப் பக்கத்தில் முதியோர் இல்லத்தில் வேலை. பிரெக்சிட் வாக்கெடுப்பில் இந்த ஊரில் 75.6 வீதம் பேர் ஐரோப்பிய ஒன்றியத்தில் இருந்து வெளியேற வாக்களித்தார்கள். 2024ல் இங்கே ரிஃபோர்ம் கட்சியின் ரிச்சர்ட் டைஸ்தான் வென்றார்.

நான் குளிப்பாட்டிச் சாப்பாடு ஊட்டுகிற ஆட்களில் பலர் அந்தக் கட்சிதான். என்னை மகளைப் போலத்தான் நடத்துகிறார்கள். 2004க்குப் பிறகு போலந்து, லித்துவேனியாவில் இருந்து கோவா வெட்டவும் மரக்கறி பொதி செய்யவும் ஆட்கள் வந்தார்களாம். பத்து வருஷத்தில் ஊரே மாறிவிட்டது என்கிறார்கள். பல் வைத்தியரிடம் இடம் கிடைக்கவில்லை. மூன்று அறை வீட்டில் அறைக்கு நான்கு கட்டில் போட்டு வாடகைக்கு விட்டார்கள். "எங்களிடம் யாரும் கேட்கவில்லை" என்ற பேச்சு அடிக்கடி வரும். அந்தக் கட்டில் வாடகை யாருடைய பைக்குள் போனது என்ற பேச்சு மட்டும் வராது.

புசல்லாவை வாத்தியார்:

மதி மகள், இந்தக் கேள்விக்கு இங்கிலாந்து வரை போகத் தேவையில்லை.

எங்கள் தோட்டத்துக்குக் கீழே இருந்த சிங்களக் கிராமத்தில் ஒரு பெரியவர் இருந்தார். அப்பாவுக்கு நெருங்கிய கூட்டாளி. தோட்டத்துக் கோயில் திருவிழாவுக்குத் தேங்காயும் வாழைக்குலையும் அவர் வீட்டிலிருந்து வரும். அதே மனிதர் தேர்தல் வந்தால், எங்களை இந்தியாவுக்கு அனுப்ப வேண்டும் என்று மேடையில் பேசியவருக்குத்தான் வாக்குப் போடுவார். அப்பா ஒருநாள் நேரடியாகவே கேட்டுவிட்டார். "இது எங்கள் பாட்டன்மார் காடு வெட்டிச் சேனைப் பயிர் செய்த மலை. கம்பனிக்காரன் லண்டனில் இருக்கிறான், அவனை நான் கண்டதே இல்லை. தினமும் கண்ணில் படுவது நீங்கள்தானே" என்றாராம்.

அவர் சொன்ன இழப்பு பொய்யில்லை. 1840ல் வெள்ளைக்காரன் கொண்டுவந்த காணிச் சட்டப்படி, உரிமையை நிரூபிக்க முடியாத காடும் சேனையும் முடிக்குரிய காணி ஆகிவிட்டன. அதைக் கோப்பித் துரைமாருக்குச் சொற்ப விலைக்கு விற்றார்கள். கோப்பி நோயில் அழிந்த பிறகு தேயிலை வந்தது. கண்டிக் கிராமம் பள்ளத்துக்குள் ஒடுங்கியது, சனம் பெருகியது, காணி பெருகவில்லை. மேலே இருந்த நாங்களும் காணி இல்லாதவர்கள்தான். கங்காணியிடம் கடன்பட்டு வந்து, லயத்தில் ஒரு காம்பராவில் பிள்ளைகுட்டிகளோடு கிடந்தோம். ஒரே மலையில் காணி இல்லாத இரண்டு கூட்டத்தை வைத்துவிட்டு, இலாபம் மட்டும் கப்பலேறியது. ஒரு கட்சிக்கு இதைவிட வசதியான நிலம் எது? கம்பனியைக் கேள்வி கேட்பது கஷ்டம், அதற்குக் காலமும் பிடிக்கும். பக்கத்து லயத்தைக் காட்டுவது சுலபம்.

கொழும்பிலும் இதுதான் நடந்தது. ஏ.ஈ. குணசிங்க 1923 பொது வேலைநிறுத்தத்தை நடத்திய பெரிய தொழிற்சங்கத் தலைவர். 1930களில் உலகப் பொருளாதாரம் விழுந்து வேலை குறைந்ததும், அவருடைய இயக்கம் மலையாளித் தொழிலாளிகளுக்கு எதிராகத் திரும்பியது. சம்பளத்தை வெட்டிய முதலாளியைப் பற்றிய பேச்சு பின்னுக்குப் போய்விட்டது. ஐரோப்பாவில் ஒரு காலத்தில் இடதுசாரிக்கு வாக்குப் போட்ட தொழிலாளர் ஊர்கள் இன்று இந்தக் கட்சிகள் பக்கம் சாய்வதைப் பார்க்கும்போது எனக்கு குணசிங்கதான் ஞாபகத்துக்கு வருகிறார்.

அப்புறம் ஆசனக் கணக்கு. 1947ல் நம் தோட்டத்து மக்களின் கட்சியான இலங்கை இந்தியக் காங்கிரஸ் 7 ஆசனம் வென்றது. வேறு பல தொகுதிகளில் தோட்ட வாக்குகள் இடதுசாரிகளுக்குப் போயின. 1948ல் பிரஜாவுரிமைச் சட்டத்தால் குடியுரிமை போனது, அடுத்த வருஷம் வாக்குரிமையும் பறிபோனது. 1952ல் நமக்கு ஒரு ஆசனமும் இல்லை. ஆனால் தொகுதி பிரிக்கும்போது மட்டும் நம்மையும் சனத்தொகையில் சேர்த்து எண்ணினார்கள். எங்கள் தலையை எண்ணிக் கிடைத்த ஆசனத்துக்குக் கிராமத்தார் மட்டும் வாக்குப் போட்டார்கள். நான் இதை வகுப்பில் சொல்லிக்கொடுத்த ஒவ்வொரு முறையும் என் குரல் உயர்ந்துவிடும்.

அந்தப் பெரியவருக்கு இதனால் என்ன கிடைத்தது? தோட்டங்கள் கம்பனிகளின் கையில்தான் இருந்தன. 1970களில் அரசாங்கம் அவற்றை எடுத்த பிறகுதான் காணி பங்கிடும் பேச்சே பெரிதாக வந்தது. அதுவும் எங்களைக் கிளப்பிவிட்டுத்தான். 1977 மே மாதம் தலவாக்கலை டெவன் தோட்டத்தில், காணி பறிபோவதை எதிர்த்து நின்ற சிவனு லெட்சுமணன் பொலிஸ் சூட்டில் விழுந்தார்.

ஹட்டன் கபிலன்:

சேர், நீங்கள் சொன்ன காணிக் கதை கண்டிக்குச் சரி. ஆனால் "தினமும் கண்ணில் படுகிறார்கள்" என்பது எல்லா இடத்துக்கும் பொருந்தாது. ஏஎஃப்டி பலமாக இருப்பது கிழக்கு ஜேர்மனியில். 2024ல் துரிங்கியா மாநிலத்தில் 32.8 வீதத்தோடு முதலாவதாக வந்தது. மேற்கோடு ஒப்பிட்டால் அங்கே வெளிநாட்டவர் குறைவு. பேர்லின் சுவர் விழுந்த பிறகு தொழிற்சாலைகள் மூடி, இளம் ஆட்கள் மேற்கே போய்விட்ட இடம். பக்கத்து வீட்டில் வந்தேறி யாரும் இல்லாமலே "எங்களை மறந்துவிட்டார்கள்" என்ற கோபம் அங்கே இருக்கிறது.

இரண்டாவது, ஏமாற்றம். நிகரக் குடியேற்றத்தை, அதாவது வந்தவர்களில் இருந்து வெளியேறியவர்களைக் கழித்த கணக்கை, வருஷத்துக்கு ஒரு லட்சத்துக்குக் கீழே கொண்டுவருவோம் என்று 2010ல் பழமைவாதக் கட்சியின் கமரன் வாக்குக் கொடுத்தார். 2023 ஜூனோடு முடிந்த ஒரு வருஷத்தில் நிகரக் குடியேற்றம் ஒன்பது லட்சத்தைத் தாண்டியது. 2023ல் படகில் வந்தவர்களோ 30 ஆயிரத்துக்கும் குறைவு. மற்றவர்களில் மிகப் பெரும்பாலானோருக்கு அதே கட்சியின் அரசாங்கமே விசா கொடுத்தது. ஒன்றைச் சொல்லி இன்னொன்றைச் செய்த கட்சிகளைப் பார்த்துச் சனம் வெறுத்துப் போயிருக்கிறது. மதி அக்காவின் அண்ணன் படகைப் பற்றி மட்டும் பேசுவதற்கும் இதுவே காரணம். விசா அலுவலகத்தை யாரும் தொலைக்காட்சியில் காட்டுவதில்லை.

இந்தப் பயம் நம் நாட்டிலும் பழசாகவில்லை. 2016ல், 1990 என்ற இலக்கத்துக்கு அழைக்கும் அம்பியூலன்ஸ் சேவை இந்திய உதவியோடு வந்தபோது எத்தனை எதிர்ப்பு! இன்று எல்லோரும் அவசரத்துக்கு அதைத்தான் கூப்பிடுகிறோம்.

மஸ்கெலியா மதி:

எல்லோருக்கும் நன்றி. சேர், அண்ணனுக்கு உங்கள் பதிலை வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். "அது வேறு, இது வேறு. ஒழுங்காகப் பேப்பர் உள்ளவர்களை யாரும் தொடமாட்டார்கள்" என்று எழுதியிருக்கிறார்.

லிங்கன்ஷயர் தங்கச்சி:

அக்கா, நானும் ஒழுங்காகப் பேப்பர் உள்ளவள்தான். ஏஜென்டுக்குக் கட்ட அம்மாவின் நகை எல்லாம் அடகுக்குப் போனது. 2024 மார்ச்சில் இருந்து பராமரிப்பு வேலைக்கு வருகிறவர்கள் குடும்பத்தைக் கூட்டிவர முடியாது என்று சட்டம் வந்தது. அது பழைய அரசாங்கம் செய்தது. நிரந்தர வதிவிட உரிமையையே ஒழிப்போம் என்று 2025 செப்டம்பரில் ரிஃபோர்ம் தலைவர் ஃபராஜ் அறிவித்தார். ஐந்து வருஷத்தில் அந்த உரிமையைக் கேட்கலாம் என்றுதான் நான் வந்தேன், எனக்கு 2027ல் ஐந்து வருஷம் முடிகிறது. அண்ணன் போட்ட வாக்கு படகுக்கு முன்னால் என்னிடம்தான் வந்து சேரும்.

புசல்லாவை வாத்தியார்:

மகள், அண்ணனிடம் 1949ல் வந்த இந்திய, பாகிஸ்தானிய வதிவோர் பிரஜாவுரிமைச் சட்டத்தைச் சொல்லுங்கள். அதுவும் பேப்பர் கேட்ட சட்டம்தான். கல்யாணமானவர் ஏழு வருஷம், ஆகாதவர் பத்து வருஷம் இடைவிடாமல் இங்கே இருந்ததை நிரூபிக்க வேண்டும். எட்டு லட்சத்துக்கும் மேற்பட்டோருக்காக விண்ணப்பம் போடப்பட்டது. கிடைத்தது ஒரு லட்சத்து 34 ஆயிரம் பேர் அளவுக்குத்தான்.  தோட்டத்திலே பிறந்தவனிடம் பிறப்புச் சான்றிதழ் கேட்டால் எங்கே போவான்? உங்கள் தாத்தாவின் விண்ணப்பம் வீட்டுப் பெட்டியில் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் படம் எடுத்து அவருக்கு அனுப்புங்கள். அவருக்கும் தாத்தா அவர்தானே.