மிதித்தால் திணறுகிறது: எந்த நொடியில் என்று பாருங்கள்

பெட்ரோல் வண்டிகளில் அடிக்கடி வரும் புகார் இது: "மிதிச்சா ஒரு நொடி முக்குது, அப்புறம்தான் இழுக்குது." உடனே பிளக்கை மாற்று, பம்பை மாற்று என்று இறங்கினால் காசு கரையும், முக்கல் அப்படியே இருக்கும். எப்போது முக்குகிறது என்பதுதான் முதல் கேள்வி. ஐடிலிலிருந்து (மிதிக்காமல் இஞ்சின் சும்மா ஓடும் நிலை) லேசாக மிதிக்கும்போதா, மூன்றாம் கியரில் மேம்பாலம் ஏறும்போதா, 3000 ஆர்பிஎம்முக்கு மேலா, இஞ்சின் சூடேறிய பிறகு மட்டுமா?

ஆர்பிஎம் முள் ஏறுகிறது, வேகம் ஏறவில்லை என்றால் இஞ்சினைத் தொட வேண்டாம், வழுக்குவது கிளட்ச். சமதரையில் நியூட்ரலில் உருளவிட்டால் சட்டென்று நிற்கிறதா? பிரேக் பிடித்துக்கொண்டிருக்கிறது. இந்த இரண்டையும் ஒதுக்கிய பிறகு ஸ்கேனரை மாட்டலாம். வண்டியின் ஓபிடி சாக்கெட்டில் செருகி, இஞ்சின் கணினி சொல்வதைப் போனில் காட்டும் சின்னக் கருவியே போதும். செக் லைட் எரியாவிட்டாலும் ஃப்யூயல் டிரிம் பேசும். கணக்குப்படி கொடுக்க வேண்டிய பெட்ரோலை இஞ்சின் கணினி எத்தனை சதவீதம் கூட்டுகிறது, குறைக்கிறது என்ற எண் அது. ஷார்ட் டெர்ம் (இந்த நொடித் திருத்தம்), லாங் டெர்ம் (கற்று வைத்த திருத்தம்) இரண்டையும் கூட்டி, கூட்டல் 10 சதவீதத்துக்கும் கழித்தல் 10 சதவீதத்துக்கும் உள்ளே இருந்தால் கவலையில்லை. ஐடிலில் கூட்டல் 20, 2500 ஆர்பிஎம்மில் கூட்டல் 4 என்றால் த்ராட்டிலுக்கு (மிதிக்கும்போது திறக்கும் காற்று வால்வு) பிறகு எங்கோ காற்று திருட்டுத்தனமாக நுழைகிறது. ஐடிலில் 3, லோடில் (இஞ்சின் பாரம் இழுக்கும்போது) 18 என்று தலைகீழாக இருந்தால் பெட்ரோல் போதவில்லை, அல்லது உள்ளே போகும் காற்றை அளக்கும் மாஃப் சென்சார் அதைக் குறைத்துக் காட்டுகிறது.

* * *

மேலே சொன்னதில் ஒரு திருத்தம். அந்தக் கணக்கு மாஃப் சென்சார் உள்ள வண்டிக்குத்தான் சரியாக வரும். நம் ஊரில் ஓடும் சின்ன கார்களில் பலவற்றில் மாஃப் கிடையாது, மேனிஃபோல்டில் (சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்து அனுப்பும் குழாய்) அழுத்தத்தை அளக்கும் மேப் சென்சார்தான். அதில் வேக்யூம் லீக் (அந்தத் திருட்டுக் காற்று) இருந்தால் மேனிஃபோல்டு அழுத்தமும் சேர்ந்தே ஏறும். இசியு (இஞ்சின் கணினி) அதற்கேற்ற பெட்ரோலைக் கொடுத்துவிடும், டிரிம் பெரிதாக அசையாது. அடையாளம் என்னவென்றால் ஐடில் ஏறி நிற்கும். சாவி ஆன், இஞ்சின் ஆஃப் நிலையில் சென்னையில் மேப் சுமார் 100 கிலோபாஸ்கல் காட்ட வேண்டும். ஊட்டியில் 77 பக்கம் காட்டினால் அது பழுது அல்ல, உயரம். சூடான இஞ்சின் ஐடிலில் 30 முதல் 40 வரை இருக்கும். அங்கே 50-ஐத் தாண்டினால் பிசிவி ஹோஸ் (இஞ்சினுக்குள் சேரும் ஆவியை மேனிஃபோல்டுக்குக் கொண்டுபோகும் குழாய்), பிரேக் பூஸ்டர் ஹோஸ், மேனிஃபோல்டு கேஸ்கெட் மூன்றையும் பாருங்கள். பிசிவி ஹோஸின் அடிப்பக்க வளைவில்தான் வெடிப்பு விழும், மேலிருந்து பார்த்தால் புதிது போலவே தெரியும்.

மாஃப் உள்ள வண்டியில் அதைக் கழுவ அதற்கென்று விற்கும் ஸ்ப்ரே மட்டும். கார்புரேட்டர் கழுவும் கிளீனரை அடிக்கக் கூடாது. உள்ளே உள்ள மெல்லிய சென்சார் கம்பியைப் பஞ்சால் தொட்டால் புதுசு வாங்க வேண்டியதுதான்.

* * *

லோடில் மட்டும், அதுவும் உதறலோடு முக்கினால் முதலில் காயிலும் (பிளக்குக்கு உயர் வோல்டேஜ் தரும் பாகம்) பிளக்கும். நன்றாக மிதிக்கும்போது சிலிண்டரில் அழுத்தம் கூடும், அந்த அழுத்தத்தில் பொறி தாண்ட அதிக வோல்டேஜ் வேண்டும். காயில் பூட்டில் (காயிலைப் பிளக்கோடு இணைக்கும் ரப்பர் குழல்) மயிரிழை வெடிப்பு இருந்தால் பொறி பிளக் முனைக்குப் போகாமல் பக்கவாட்டில் ஹெட்டுக்குத் தாவும். ஐடிலில் இது தெரியவே தெரியாது. பிளக்கைக் கழற்றினால் வெள்ளைப் பீங்கானில் பென்சில் கோடு போல ஒரு கறுப்புத் தடம் இருக்கும். அந்தத் தடம் விழுந்த பிளக்கையும் பூட்டையும் சேர்த்தே மாற்றுங்கள். ஒன்றை மட்டும் மாற்றினால் பழையது புதியதிலும் தடம் போட்டுவிடும்.

எந்த காயில் என்று கண்டுபிடிக்கக் காசு வேண்டாம். ஸ்கேனரில் பி0301 (முதல் சிலிண்டர் சரியாக எரியவில்லை என்ற பழுது எண்) வந்தால் முதல் சிலிண்டர் காயிலை மூன்றாவதில் மாட்டி ஓட்டுங்கள். அந்தப் பழுது எண் பி0303 ஆக மாறினால் காயில்தான். மாறாவிட்டால் பிளக், இன்ஜெக்டர், கம்ப்ரஷன் என்ற வரிசை. பிளக் கேப் (பொறி தாண்டும் இடைவெளி) பெரும்பாலும் 0.8 முதல் 1.1 மில்லிமீட்டருக்குள் இருக்கும், உங்கள் வண்டிக்கு எவ்வளவு என்று மேனுவலில் பார்த்துக்கொள்ளுங்கள். ஹெட் அலுமினியம், ஆகவே இஞ்சின் நன்றாக ஆறிய பிறகே பிளக்கைக் கழற்ற வேண்டும்.

வாட்டர் வாஷ் முடிந்த மறுநாள் ஆரம்பித்த முக்கல் என்றால் பிளக் குழியில் தண்ணீர் நிற்கிறதா என்று பாருங்கள். பாதி கேஸ் அங்கேயே முடிந்துவிடும்.

* * *

லேசாக மிதிக்கும் அந்த முதல் இடத்தில் மட்டும் தொய்வு, தாண்டினால் சரி: த்ராட்டில் பாடி கரி, இல்லையென்றால் டிபிஎஸ் (த்ராட்டில் எவ்வளவு திறந்திருக்கிறது என்று சொல்லும் சென்சார்). டிபிஎஸ் மூடிய நிலையில் சுமார் 0.5 வோல்ட், முழுக்கத் திறந்தால் 4.5 பக்கம். மெதுவாகத் திறந்துகொண்டே போனால் வோல்டேஜ் சீராக ஏற வேண்டும். டிஜிட்டல் மீட்டர் நொடிப்பொழுது விழும் குழியைத் தவறவிடும், ஸ்கேனரில் கிராஃப் போட்டுப் பாருங்கள். எலெக்ட்ரானிக் பெடல் வண்டிகளில் பெடலுக்குள் இரண்டு சென்சார் தடங்கள் உண்டு. இரண்டும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாவிட்டால் பி2138 வரும், வண்டி வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும்.

எலெக்ட்ரானிக் த்ராட்டிலைச் சாவி ஆனில் இருக்கும்போது விரலால் தள்ளித் திறக்காதீர்கள். பல்சக்கரமும் போகும், விரலும் மாட்டும். கழற்றி, துணியில் கிளீனர் நனைத்துத் துடையுங்கள். துடைத்த பிறகு ஐடில் 1200-க்கு ஏறி நிற்பதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். கரி அடைத்த காலத்தில் த்ராட்டில் தட்டை எவ்வளவு திறக்க வேண்டும் என்று இசியு கற்று வைத்திருக்கிறது, அதை மறக்கடிக்க ஐடில் ரீலேர்ன், அதாவது மறுபடி கற்றுக்கொள்ள வைப்பது, செய்ய வேண்டும். முறை வண்டிக்கு வண்டி மாறும்.

* * *

பெட்ரோல் பக்கம் ஒரு விஷயம். ரிட்டர்ன் லைன் (மிச்சப் பெட்ரோலை டேங்குக்குத் திருப்பும் குழாய்) இல்லாத வண்டிகளில் பிரஷர் பொதுவாக 3 முதல் 4 பார். சாவி போட்டதும் 3.5 காட்டுகிறது, பம்ப் சரி என்று முடிவு செய்வதுதான் இங்கே நடக்கும் தவறு. கேஜை மாட்டியபடியே லோடில் ஓட்டிப் பார்க்க வேண்டும், முக்கும் அதே நொடியில் முள் விழுகிறதா என்பதுதான் சோதனை. விழுந்தால் உடனே பம்ப் வாங்காதீர்கள். இஞ்சின் ஓடும்போது பம்ப் கனெக்டரில் வோல்டேஜ் பாருங்கள். பேட்டரியைவிட அரை வோல்ட்டுக்கு மேல் குறைந்தால் ரிலேயோ எர்த்தோ.

இ20 பெட்ரோல் (20 சதவீதம் எத்தனால் கலந்தது) பற்றி எல்லோரும் கேட்பது: இ10-க்கு ஒரு பங்கு பெட்ரோலுக்கு 14.1 பங்கு காற்று என்ற எடை விகிதம் இ20-ல் சுமார் 13.5 ஆகிறது. டிரிம் நான்கைந்து சதவீதம் ஏறும். நல்ல வண்டி அதைச் சமாளித்துக்கொள்ளும். ஏற்கெனவே இன்ஜெக்டர் (பெட்ரோல் தெளிக்கும் முனை) அடைத்து டிரிம் 15-ல் நின்ற வண்டிக்குத்தான் அது கடைசித் துரும்பு. மழைக்காலத்தில் தண்ணீர் கலந்தால் எத்தனாலும் தண்ணீரும் சேர்ந்து டேங்க் அடியில் இறங்கும், பம்ப் உறிஞ்சுவதும் அங்கேதான். கொஞ்சம் எடுத்துக் கண்ணாடிப் பாட்டிலில் ஒரு ராத்திரி வைத்தால் இரண்டு அடுக்காகப் பிரிந்து நிற்கும்.

* * *

ஐடில் அழகு, டிரிமும் சரி, 3000-க்கு மேல் கழுத்தைப் பிடித்த மாதிரி நிற்கிறது என்றால் கேட்டலிடிக் கன்வர்ட்டர் (புகைக்குழாயில் நச்சுப் புகையைக் குறைக்கும் பாகம், சுருக்கமாகக் கேட்) அடைப்பு. முன் ஆக்சிஜன் சென்சாரைக் கழற்றி அந்த ஓட்டையில் பிரஷர் கேஜ் மாட்டுங்கள். 2500 ஆர்பிஎம்மில் ஒன்றேகால் பிஎஸ்ஐக்கு மேல் ஏறினால் சந்தேகப்படலாம். கேட் பெரும்பாலும் தானாகச் சாவதில்லை. சிலிண்டர் எரியத் தவறும் மிஸ் ஃபயரில் எரியாமல் வந்த பெட்ரோல் உள்ளே எரிந்து உருக்கிவிடும். காயிலைச் சரி செய்யாமல் புது கேட் போட்டால் அதுவும் அதே வழிதான்.

* * *

டீசலுக்கு இதில் பாதி பொருந்தாது. முக்கும்போது கறும்புகை வந்தால் காற்றுப் பஞ்சம்: இன்டர்கூலர் (டர்போ காற்றைக் குளிர்விப்பது) ஹோஸ் கிழிசல், திறந்தபடி மாட்டிக்கொண்ட இஜிஆர் (புகையின் ஒரு பகுதியைத் திரும்ப இஞ்சினுக்குள் விடும் வால்வு). புகையே இல்லாமல் முக்கினால் டீசல் பஞ்சம், முதலில் ஃபில்டர்.

கடைசியாக, எலியை மறக்க வேண்டாம். வாரக்கணக்கில் நிறுத்திய வண்டியில் ஸ்கேனருக்கு முன்னால் டார்ச். மேப் சென்சாருக்குப் போகும் மெல்லிய ஹோஸும் இன்ஜெக்டர் வயரும் அதற்குப் பிடித்தவை. புகையிலை கட்டித் தொங்கவிட்ட வண்டியிலும் கடித்திருக்கிறது. கடித்த வயரை முறுக்கி டேப் சுற்றினால் இரண்டு மழையில் பச்சை பூத்து முக்கல் திரும்பும். சால்டர் வைத்து, ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ் போடுங்கள்.