மூளைச் சிரைகள் (மூளையிலிருந்து ரத்தத்தை வெளியே கொண்டுபோகும் குழாய்கள்): உங்கள் மனதை விட்டுப் போகாத அனுபவம் எது?

கார்முகில்:
டிஸெக்‌ஷன் ஹாலில் (உடற்கூறு படிக்க உடலை அறுத்துப் பார்க்கும் இடம்) மண்டையோட்டின் மேல்மூடியை எடுத்தாயிற்று. டியூராவை, அதாவது மூளையைப் போர்த்தியிருக்கும் தடித்த உறையை, நடுக்கோட்டுப் பக்கம் தூக்கும்போது, மூளையிலிருந்து சுபீரியர் சாஜிட்டல் சைனஸுக்கு (உச்சியில் நடுக்கோட்டில் ஓடும் பெரிய சிரைக்கால்வாய்) பாலம்போலப் போகிற பிரிட்ஜிங் சிரைகள் வரிசையாக விறைத்து நின்றன. இன்னும் கொஞ்சம் தூக்கியதும் ஒன்று அறுந்தது. கையில் ஒரு எதிர்ப்பும் தெரியவில்லை. வால்வு கிடையாது, சுவரில் தசை என்று சொல்ல ஒன்றும் இல்லை. வயதில் மூளை சுருங்கச் சுருங்க இவை இழுபட்டு நிற்கும், லேசான அடியிலும் அறுந்து சப்டியூரல் ரத்தக்கட்டு (டியூராவுக்கு அடியில் ரத்தம் தேங்குவது) வரலாம் என்று படித்ததெல்லாம் அந்த நொடியில்தான் உறைத்தது. இப்போது வயதானவர் யார் தலையை இடித்துக்கொண்டாலும் எனக்கு மனசு கேட்பதில்லை.

வெண்பனி:
எனக்கு மூளைச் சிரையில் ரத்தக்கட்டு வந்தது பிரசவத்துக்குப் பிறகு. படுத்தால் தலைவலி கூடும், குனிந்து எழுந்தால் சில நொடி பார்வை மங்கும். தூக்கமில்லாததால் வருகிற வலி என்றார்கள். சி.டி.யும் நார்மல். கண் டாக்டர்தான் உள்ளே பார்த்துவிட்டு, கண் நரம்பு வீங்கியிருக்கிறது என்று அனுப்பிவைத்தார். எம்.ஆர். வெனோகிராமில் (சிரைகளைக் காட்டும் ஸ்கேன்) இடது பக்கம் வெள்ளையாக வளைந்து இறங்குகிறது, வலது டிரான்ஸ்வர்ஸ் சைனஸ் (தலையின் பின்பக்கம் குறுக்கே ஓடும் சிரைக்கால்வாய்) இருக்கவேண்டிய இடம் வெறும் கறுப்பு. "ரத்தம் உள்ளே வருகிறது, வெளியேறும் வழி அடைத்திருக்கிறது" என்றார் டாக்டர். அன்றே ரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெப்பாரின் தொடங்கினார்கள். அந்தக் கறுப்பு இன்னும் கண்ணிலேயே நிற்கிறது.

தேன்சிட்டு:
என் வெனோகிராம் ரிப்போர்ட்டில் இடது டிரான்ஸ்வர்ஸ் சைனஸ் சரியாகத் தெரியவில்லை என்றிருக்கிறது. அப்படியானால் எனக்கும் ரத்தக்கட்டா?

நிழற்படம்:
தேன்சிட்டு, பதற வேண்டாம். ஸ்கேன் பிரிவில் இருக்கிறேன். "சிரை அமைப்பில் மாறுபாடு" என்ற ஒரு வரியைப் படித்துவிட்டு, எத்தனையோ இரவு தூங்காமல் வந்து நின்ற ஒருவரின் முகம் எனக்கு மறக்காது. அவருக்கு இருந்தது பிறவியிலேயே அமைந்த சிரைக்கொத்து. பக்கத்து மூளைக்கு வடிகாலே அதுதான், தொடவே கூடாது.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். பெரும்பாலானோருக்கு வலது டிரான்ஸ்வர்ஸ் சைனஸ் பெரியது, இடது சிறியது. ஓட்டம் குறைந்த குழாய், சாயமருந்து ஏற்றாத வெனோகிராமில் விட்டுவிட்டுத் தெரியும், சில நேரம் தெரியாமலே போகும். அந்தப் பக்கம் ஜுகுலர் துளையும் (சிரை ரத்தம் கழுத்துக்கு இறங்கும் மண்டையோட்டுத் துளை) சிறியதாக இருந்தால் பிறவி அமைப்பாக இருக்கவே வாய்ப்பு அதிகம். சந்தேகம் தீரவில்லை என்றால் சாயமருந்து ஏற்றி எடுக்கும் வெனோகிராமைப் பற்றி உங்கள் டாக்டரிடம் கேளுங்கள். பழைய படங்களைத் தூக்கிப் போடாதீர்கள், ஒப்பிட்டுப் பார்க்க வேண்டிவரும். வெண்பனி, சி.டி.யை ஒரேயடியாகத் தள்ளிவிட முடியாது. புது ரத்தக்கட்டு சில நேரம் அதில் வெண்கோடாகவே தெரியும். ஆனால் நார்மல் என்று வந்ததாலேயே ரத்தக்கட்டு இல்லை என்று முடிவு கட்டக்கூடாது, அதில் உங்கள் பக்கம்தான் நான்.

ஆழி:
நியூரோ தியேட்டர் நர்ஸ் நான். மூளையின் பொட்டுப் பக்கத்து மடலுக்கு (டெம்போரல் லோப்) அடியில் ஒரு கட்டி. மூளையை மெல்ல விலக்கியதும் தடித்த ஒரு சிரை குறுக்கே இறங்கி டிரான்ஸ்வர்ஸ் சைனஸுக்குள் போனது. லபே சிரை, அந்த மடலின் முக்கிய வடிகால். ஈரப்பஞ்சு வைத்து மூடிவிட்டு சர்ஜன் கையை எடுத்துவிட்டார். அது அடைபட்டால் அந்த மடலே வீங்கி ரத்தம் கசியலாம், இடது பக்கமானால் பேச்சே போகலாம். சின்னத் தமனி கசிந்தால் சட்டென்று சுட்டு அடைக்கிறவர், அன்றைக்கு வந்த வழியை விட்டுவிட்டு வேறு கோணத்திலிருந்து மறுபடி தொடங்கினார்.