கோயில் அறையில் சின்ன நூலகம்: கிழிந்த சாமி புத்தகங்களை என்ன செய்வது?

தோட்டத்து டீச்சர் (சுங்கை சிப்புட்):

எல்லாருக்கும் வணக்கம். எங்கள் மாரியம்மன் கோயிலில் சமையல்கட்டை ஒட்டி ஒரு சாமான் அறை உண்டு. பத்தடிக்குப் பன்னிரண்டடி. "டீச்சர் ரிட்டயர் ஆகிட்டீங்க, இதுல லைப்ரரி போடுங்க" என்று நிர்வாகத்தில் சாவியைக் கையில் கொடுத்துவிட்டார்கள். அலமாரி நான்கு, ஆள் நான் ஒருத்தி.

புத்தகம் தரலாம் என்று வாசலில் ஓர் அட்டை எழுதி மாட்டினேன். அதுதான் தப்பு. பழைய லயத்து வரிசை வீடுகளிலிருந்து தாமான் குடியிருப்புக்குக் குடிபோனவர்கள் எல்லாம் தாத்தா பெட்டியைக் கொண்டுவந்து இறக்கிவிட்டார்கள். இன்றைய கணக்குக்கு 26 பெட்டி. கவசப் புத்தகம் மட்டும் 31. செல் அரித்த தேவாரத் திரட்டு, 2019-இல் நின்றுபோன தமிழ் நேசன் பத்திரிகை கட்டுக்கட்டாக, தீபாவளி மலர்கள், யாருடைய பிள்ளையோ பாதி போட்டு விட்ட எஸ்.பி.எம் பரீட்சைக் கணக்குப் பயிற்சி. சாமி படம் உள்ளதைக் குப்பையில் போட மனசு வரவில்லை. பழைய பேப்பர்காரருக்குக் கொடுத்தால் நாளைக்கு அதே தாளில் கச்சாங் பூத்தே கடலை மடித்து வரும்.

எப்படிப் பிரித்து எண் போடுவது? யாரை உட்காரவைப்பது? கிழிந்ததை என்ன செய்வது? ஆள் பிரச்சினைதான் பெரிசு. எனக்கு முட்டி வலி வேறு.

பழைய கிராணி (தோட்டத்துக் கணக்கர், ஈப்போ):

சமையல்கட்டுச் சுவரில் அலமாரியைச் சாய்க்காதீர்கள், நீராவி ஏறும். சுவருக்கும் அலமாரிக்கும் நடுவே நாலு விரல் இடம் விடுங்கள். செல் பிடித்த பெட்டியை இன்றைக்கே வெளியே எடுத்துவிடுங்கள். மற்றபடி, பிள்ளைகள் ஃபோனை விட்டுத் தலை நிமிர்வார்களா என்பது அம்மனுக்கே வெளிச்சம்.

மெல்பர்ன் அக்கா:

டீச்சர், நானும் தோட்டத்தில் பிறந்தவள்தான், கோலகங்சார் பக்கம். இங்கே வந்த பிறகு பக்கத்து வீட்டுப் பாட்டி இழுத்துப்போய், ஒரு யூத ஜெப ஆலயத்தின் நூலகத்தில் ஆறு வருடம் சம்பளமில்லாமல் வேலை பார்த்தேன். யூதர் என்றதும் நம் ஊரில் சிலருக்கு முகம் மாறும். நான் பேசுவது அலமாரியைப் பற்றி.

கிழிந்ததிலிருந்து ஆரம்பிக்கிறேன். கடவுள் பெயர் எழுதிய தாளை அவர்கள் எறிவதில்லை. 'கெனிஸா' என்று ஓர் இடத்தில் சேர்த்துவைத்து, அப்புறம் இடுகாட்டில் புதைக்கிறார்கள். ஜெபப் புத்தகம் கை தவறி விழுந்தால் எடுத்து முத்தமிடுவார்கள், நாம் கண்ணில் ஒற்றிக்கொள்கிற மாதிரி. அதைப் பார்த்த அன்றைக்கே அந்த இடம் எனக்குப் பழகிவிட்டது.

ஆனால் புதைக்கும் முன் ஒவ்வொன்றாகப் புரட்டிப் பாருங்கள். கெய்ரோவில் பென் எஸ்ரா ஜெப ஆலயத்தின் கெனிஸாவில் நூற்றாண்டுக் கணக்காகப் போட்டதெல்லாம் புதைக்காமலே கிடந்தது. 1896–97-இல் சாலமன் ஷெக்டர் என்ற யூத அறிஞர் அங்கிருந்து கிட்டத்தட்ட 1,93,000 துண்டுகளைக் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்துக்குக் கொண்டுபோனார். வேதம் மட்டுமா? கடைக் கணக்கு, கல்யாண ஒப்பந்தம், மலபார் கரையோடு மிளகு வியாபாரம் செய்தவர்களின் கடிதங்கள் எல்லாம் கிடைத்தன. நம் ஆட்கள் ஆடிப்பெருக்கில் ஏடுகளை ஆற்றில் விட்டார்கள். உ.வே.சா. ஊர் ஊராக அலைந்தது அதில் தப்பியதைத் தேடித்தான். உங்கள் 26 பெட்டிக்குள் சம்பளச் சீட்டு, திருவிழா நோட்டீஸ், தமிழ்ப்பள்ளி ரசீது ஏதாவது செருகியிருந்தால் தனியாக எடுத்து வையுங்கள். கவசப் புத்தகம் எந்தக் கோயில் வாசலிலும் கிடைக்கும், அது கிடைக்காது.

எண் விஷயம். நூலகங்களில் பொருள்வாரியாக எண் போடுகிற டியூயி முறையில் மதத்துக்கு 200. அதில் 220-லிருந்து 280-கள் முடிய கிறிஸ்துவமே உட்கார்ந்துகொண்டது. யூதருக்கு 296, நமக்கு 294.5. அலமாரி முழுக்க ஒரே எண் என்றால் அது இருந்தும் ஒன்றுதான், இல்லாமலும் ஒன்றுதான். அதனால்தான் 1960-களில் டேவிட் எலாஸார், டேனியல் எலாஸார் என்ற அண்ணன் தம்பிகள் யூத நூல்களுக்கென்றே தனிப் பகுப்பு எழுதினார்கள். உங்கள் நான்கு அலமாரிக்கு அவ்வளவு வேண்டாம், கலர் டேப் போதும். ஆனால் பட்டியலை ரூமியில், அதாவது ஆங்கில எழுத்தில், எழுதாதீர்கள். ஹனுக்கா என்ற ஒரே பண்டிகையை ஒருத்தர் 'ஹெச்' போட்டு எழுத, இன்னொருத்தர் 'சி' போட்டு எழுத, ஒரே மாதிரி புத்தகம் இரண்டு மூலையில் கிடந்தது. நம் சுப்ரமணியத்தை எத்தனை விதமாக எழுதுவார்கள் என்று யோசியுங்கள்.

ஆள்தான் எங்களுக்கும் பஞ்சம். ஞாயிற்றுக்கிழமை எபிரேய வகுப்பு விடும் நேரத்தில் மட்டும் திறப்போம். பிள்ளையைக் கூட்டிப்போக வந்த அப்பா அம்மா எப்படியும் பத்து நிமிஷம் நிற்பார்கள் இல்லையா, அவர்கள்தான் எங்கள் வாசகர்கள். உங்களுக்குத் தேவார வகுப்பு இருக்குமே?

கூட்டம் சேர்வதென்னவோ சனிக்கிழமை. அன்று ஓய்வுநாள், பேனாவைத் தொடக்கூடாது. அதற்கு ஒரு வழி வைத்திருந்தோம். ஒவ்வொரு வீட்டுக்கும் பெயர் எழுதிய அட்டைகள் முன்கூட்டியே தயாராக இருக்கும். புத்தகத்தின் பின்னால் ஒட்டிய பையிலிருந்து அதன் அட்டையை உருவி, தன் வீட்டு அட்டையோடு சேர்த்துப் பெட்டியில் போட்டுவிட்டு எடுத்துப்போக வேண்டியதுதான். திங்கட்கிழமை யாராவது நோட்டில் ஏற்றுவோம். விபூதிக் கையோடு வருகிறவர்களுக்கும் எழுதத் தெரியாத பாட்டிகளுக்கும் இது நன்றாகவே ஒத்துவரும்.

பினாங்கு தம்பி:

அக்கா சொன்னதும் ஞாபகம் வந்தது. எங்கள் பினாங்கிலேயே, நகோர் ரோட்டில், ஒரு ஜெப ஆலயம் இருந்தது. 1929-இல் திறந்து 1976-இல் மூடினார்கள். கூட்டுத் தொழுகைக்குப் பத்து ஆண்கள் வேண்டும், அந்தப் பத்துப் பேர் சேரவில்லை. கட்டடம் இருந்து என்ன? டீச்சர், உங்களுக்குப் பத்துப் பேர் வேண்டாம். மூன்று பேர், ஆளுக்கொரு சாவி. நீங்கள் மட்டும் சாவி வைத்திருந்தால் உங்கள் முட்டிதான் நூலகத்தின் முட்டி.

தோட்டத்து டீச்சர் (சுங்கை சிப்புட்):

சாவி இன்னும் இரண்டு வெட்டியாச்சு. ஒன்று தேவார வகுப்பு எடுக்கிற பெண்ணிடம், ஒன்று பூக்கட்டுகிற அக்காவிடம். அந்த அக்காவுக்குப் படிக்கத் தெரியாது, ஆனால் யார் வீட்டில் எது இருக்கிறது என்பது ஊரிலேயே அவருக்குத்தான் தெரியும். வாசல் அட்டையைக் கழற்றிவிட்டேன்.

புதைப்பதைப் பற்றி பூசாரியிடம் கேட்டேன். யூதர் கதையைச் சொல்லவில்லை, எதற்கு வம்பு. வேப்பமரத்துக்குப் பின்னால் குழி வெட்டலாம் என்றார். மஞ்சள் தண்ணீர் தெளித்து அவரே வந்து மூடுவாராம். கவசத்தில் நல்லதாக ஆறு வைத்துக்கொண்டு, மிச்சமிருந்த நல்லதைத் தைப்பூசத்துக்குக் கொடுக்க ஒதுக்கியிருக்கிறேன்.

பதினோராவது பெட்டியில், ஒரு தீபாவளி மலருக்குள், எங்கள் கோயிலின் 1978 தீமிதி வரவு செலவு நோட்டு கிடைத்தது. பூ, விறகு, தவில்காரர் சம்பளம் எல்லாம் மணிமணியான எழுத்தில் இருக்கிறது. கடைசிப் பக்கத்தில் "கிராணி பாக்கி 5 வெள்ளி" என்று சிவப்பு மையில் கோடு போட்டிருக்கிறார்கள். ஈப்போ கிராணி சார், நீங்கள் இந்தப் பக்கம் வேலை பார்த்ததுண்டா?