ஊட்டியில டியூன் பண்ணின வண்டி கல்லாறு இறங்கினதும்… உங்க அனுபவம் என்ன?

குன்னூர்_43:
மூணு வருஷம் ஆச்சு, இன்னும் அந்தச் சத்தம் காதை விட்டுப் போகல. அதான் எழுதறேன்.

வண்டி பழைய மெர்சிடிஸ் சி 200 கம்ப்ரஸர், 1.8 லிட்டர். பெல்ட்டுல சுத்தி இன்ஜினுக்குள்ள காத்தை அமுக்கித் தள்ளற ப்ளோயர் (சூப்பர்சார்ஜர்) வெச்ச வண்டி. மூணாவது கையா வாங்கினது. ப்ளோயரை வேகமாச் சுத்த வைக்கற சின்ன புல்லி, இன்ஜின் கம்ப்யூட்டர் செட்டிங்கை மாத்தற ரீமேப், ரெண்டும் ஊட்டியிலேயே பண்ணினேன். டியூனர் லேப்டாப்போட வெளியூர்லருந்து வந்து, ஃபர்ன்ஹில் ஏத்தத்துல ரெண்டு நாள் லாக் (இன்ஜின் அளவுகளோட பதிவு) எடுத்தார். டிசம்பர் மாசம், காலையில புல்லு மேல உறைபனி. பூஸ்ட் கேஜ்ல (ப்ளோயர் கூட்டற காத்தழுத்தம்) 9 பிஎஸ்ஐ, ஏஎஃப்ஆர் (காத்து-பெட்ரோல் விகிதம்) 11.8, நாக்கிங் (பெட்ரோல் கண்ட நேரத்துல வெடிக்கறது) பொட்டுக்கூட இல்ல. லவ்டேல் ரோட்டுல மிதிச்சா முதுகு சீட்டோட ஒட்டிக்கும்.

ஏப்ரல்ல மச்சினன் கல்யாணம், கோயமுத்தூர். பர்லியாறு தாண்டி, மலையடிவாரத்துல கல்லாறு இறங்கி, பாக்குத் தோப்பு நேர் ரோடு. லாரியை ஓவர்டேக் எடுக்க முழுசா மிதிச்சேன். முள்ளு 9ஐத் தாண்டி 11க்கு மேல போச்சு. "பரவால்லையே, கீழ வந்ததும் பவர் கூடுதே"ன்னு சிரிச்சேன். நெசமாவே சிரிச்சேன். அப்பத்தான் தாளிக்கற சட்டியில கடுகு போட்ட மாதிரி பட பட பட. ரெண்டே செகண்ட். காலை எடுத்துட்டேன். மேட்டுப்பாளையம் பஸ் ஸ்டாண்டு வர்றதுக்குள்ள பின்னாடி நீலப் புகை.

மூணாவது சிலிண்டர் பிஸ்டன்ல, ரிங் உக்கார்ற வரப்பு உடைஞ்சிருச்சு. மெக்கானிக் அந்தத் துண்டை உள்ளங்கையில வெச்சுக் காட்டினார், சுண்டுவிரல் நகம் அளவு. வீட்டம்மா பட்டுப்புடவையோட பஸ்ல நின்னுட்டே கல்யாணத்துக்குப் போனதை இன்னிக்கும் சொல்லிக் காட்டறாங்க.

தப்பு டியூனர் மேலயா, என் மேலயா?

மேட்டுப்பாளையம்_ஸ்பேனர்:
சிரிச்சது தப்பில்லைங்க. அந்த 9ங்கற நம்பரை நம்பினதுதான் தப்பு.

கேஜ் காட்டறது வெளிக்காத்துக்கு மேல எவ்வளவுன்னு மட்டும்தான். ஊட்டி 2,240 மீட்டர். அங்க வெளிக்காத்து அழுத்தமே 77, 78 கிலோபாஸ்கல்தான். எங்க ஊர்ல 97 பக்கம். உங்க ப்ளோயர் ரூட்ஸ் டைப்பு, ஒரு சுத்துக்கு இத்தனை காத்துன்னு கணக்கு வெச்சு அள்ளித் தள்ளும். மேல 9 பிஎஸ்ஐ (சுமார் 62 கிலோபாஸ்கல்) கூடுதுன்னா வெளிக்காத்தை 1.8 மடங்கா அமுக்குதுன்னு அர்த்தம். அதே 1.8 மடங்கு எங்க ஊர் காத்துக்கு 11 பிஎஸ்ஐக்கும் மேல. நீங்க பார்த்தது அதேதான். கேஜ் பொய் சொல்லலைங்க.

இன்ஜினுக்குள்ள போற அழுத்தம் கால் பங்கு கூடிருச்சு. ஏப்ரல் வெயில்ல காத்து லேசாயிடறதால அதுல கொஞ்சம் கழியும். ஆனா 38 டிகிரி காத்தை உறிஞ்சினா ப்ளோயரை விட்டு வெளிய வர்றப்ப 100ஐத் தாராளமாத் தாண்டும். மலையிறங்கின இன்டர்கூலர் அந்தக் காத்தை எவ்வளவு ஆத்தும்? உறைபனிக் காலையில போட்ட தீப்பொறி டைமிங் அந்தச் சூட்டுக்கு ஆகவே ஆகாது. நாக் சென்சார் சத்தத்தைக் கேட்டு, ஈசியு (இன்ஜின் கம்ப்யூட்டர்) டைமிங்கை நாலஞ்சு டிகிரி பின்னாடி இழுத்துப் பார்த்திருக்கும், அதுக்கு மேல அதால முடியாதுங்க. கம்பெனி மேப்ல இருந்திருந்தா ஈசியு பைபாஸ் மடலைத் திறந்து மிச்சக் காத்தைத் திருப்பி விட்டிருக்கும். உங்க ரீமேப்ல அதைச் சாத்தியே வெச்சிருப்பாங்க, பந்தயம் கட்டிச் சொல்றேன்.

என் கதையும் ஒண்ணு இருக்கு. தொழில் கத்துக்கறப்ப, ஊட்டி டாக்டர் ஒருத்தரோட ஃபியட்டுக்கு மேல போயி, கார்புரேட்டர்ல பெட்ரோலைக் குறைச்சு விடற சின்ன ஜெட் போட்டுக் குடுத்தேன். மலையில கரும்புகை நின்னு வண்டி நல்லா ஏறுச்சு, அவருக்கு ஒரே சந்தோஷம். அப்படியே ஈரோடு வரைக்கும் ஓட்டிட்டுப் போயி, கீழ காத்துக்கு அந்தப் பெட்ரோல் பத்தாம எக்ஸாஸ்ட் வால்வு கருகிப் போச்சு. திட்டவே இல்லைங்க. "தம்பி, நான் கீழயும் போவேன்னு உனக்குத் தோணலையா?"ன்னு கேட்டார். அவ்வளவுதான்.

பெருமாள்மலை_மினி:
ஸ்பேனர் அண்ணே, கணக்கெல்லாம் சரி. ஆனா எல்லாத்தையும் பூஸ்ட் தலையில கட்டாதீக. என்னைய ரோட்டுல நிக்க வச்சது பெல்ட்டு.

வண்டி ஆர்53 மினி கூப்பர் எஸ், இறக்குமதி. 15 சதவீதச் சின்ன புல்லி போட்டேன். அதுக்குக் குட்டை பெல்ட்டு போடணும்னு தெரியும், வரட்டும் பாத்துக்கலாம்னு பழசையே மாட்டிட்டேன். என் சோம்பேறித்தனம், வேற யாரையும் சொல்றதுக்கில்ல. கொடைக்கானல் மலைக்கு வத்தலக்குண்டுல கிளம்பி டம்டம் பாறை தாண்டி மூடுபனி. ரெண்டு மூணு வளைவா ரப்பர் தீயுற வாசம், முன்னாடி போற லாரியோடதுன்னு நெனச்சேன். திடீர்னு ப்ளோயர் ஊளை நின்னு போச்சு, பேட்டரி லைட்டு எரியுது. இந்த இன்ஜின்ல வாட்டர் பம்பும் சூப்பர்சார்ஜர் வழியாத்தான் சுத்தும். பெல்ட்டு போனா தண்ணி ஓட்டமே இல்ல.

ஓரங்கட்டி, பதட்டத்துல ரேடியேட்டர் மூடியில துணியைப் போட்டுத் திருகப் போறேன். மலைப்பூண்டு வித்துக்கிட்டிருந்த அக்கா ஓடி வந்து கையைப் பிடிச்சுட்டாக. "தெறக்காதீக தம்பி! எங்க வீட்டுக்காரரு ஜீப்பு ஓட்டுறவரு, மூஞ்சி வெந்து ஒரு மாசம் வாழை எலையில படுத்துக் கெடந்தாரு." அந்தக் கையில இருந்த பூண்டு வாசம் இப்பவும் ஞாபகம் இருக்கு. அரை மணி நேரம் சும்மா உக்கார வச்சு, டீயும் குடுத்தாக. இன்ஜின் ஹெட் தப்பிச்சது அவுகளாலதான்.

செகண்ட்_கியர்_ரிட்டயர்ட்:
கல்லட்டியில 36 கொண்டை ஊசி வளைவையும் முப்பது வருஷம் ஓட்டியவன். ஒருமுறை பிரேக் பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போயிருக்கிறது. வண்டியை மலைச்சுவரோடு அணைத்து நிறுத்தினேன். அவ்வளவுதான் என் அனுபவம்.

இப்போது தம்பிகளுக்கு. ஏறுவதற்கு 50 குதிரை கூட்டுகிறீர்கள், இறங்குவதற்கு என்ன கூட்டினீர்கள்? பிரேக் ஆயில் ஈரத்தை உறிஞ்சும், உறிஞ்சினால் கொதிநிலை குறையும். ஆகவே டாட் 4 ஆயிலை இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். ஏறிய கியரிலேயே இறங்குங்கள், ஆட்டோமேட்டிக் என்றால் கையால் 2இல் போடுங்கள். பிரேக் மேல் காலை வைத்துக்கொண்டே இறங்காதீர்கள், அழுத்தி விடுங்கள், ஆறட்டும். டயர் எத்தனை வருடத்தது என்று பக்கவாட்டில் பாருங்கள். அடுத்தது சட்டம். மோட்டார் வாகனச் சட்டம் 52ஆவது பிரிவு என்ன சொல்கிறது என்று படியுங்கள். தயாரிப்பாளர் குறிப்புக்கு மாறாக மாற்றக்கூடாது என்று 2019இல் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. நாளைக்கு ஏதாவது ஆனால் இன்சூரன்ஸ்காரர் முதலில் பானட்டைத்தான் திறப்பார். வேகம் பார்க்கவேண்டுமானால் கோவை செட்டிபாளையத்தில் கரி ஸ்பீட்வே பந்தயத்தடம் இருக்கிறது. மலைப்பாதையில் பள்ளிக்கூடம் விட்டுப் பிள்ளைகள் நடந்து வரும்.

கோத்தகிரி_டாக்ஸி:
ஐயா, அவர் கேட்டது பூஸ்ட்டுங்க, பிரேக் இல்ல. ஆனா பிள்ளைங்க விஷயம் சரி.

என்னைக் கேட்டா மலைக்கு டர்போ டீசல்தான். காத்து கம்மியானா, எக்ஸாஸ்ட் புகையில சுத்தற டர்போ கொஞ்சம் கூடச் சுத்தி ஈடு கட்டும். பெல்ட்டுல ஓடறது ஈடு கட்டாது, இன்ஜின் என்ன சுத்து சுத்துதோ அதுதான்.

மேட்டுப்பாளையம்_ஸ்பேனர்:
ஈடு கட்டும், ஒத்துக்கறேன். ஆனா ஓரளவுக்குத்தாங்க. அதிகமாச் சுத்தி டர்போ ஷாஃப்ட் போன வண்டியும் எங்கிட்டத்தான் வருது.

குன்னூர்_43:
ஸ்பேனர் அண்ணா, நீங்க எழுதினதைப் படிச்சுட்டு நேத்து ராத்திரி பழைய லாக் ஃபைலைத் தேடி எடுத்தேன். பைபாஸ் மடல் ஜீரோவுலயே நிக்குது, பந்தயம் உங்களுக்குத்தான். அதுக்குப் பக்கத்துப் பத்தியில வெளிக்காத்து அழுத்தம், மொத வரியிலருந்து கடைசி வரி வரைக்கும் 77, 77, 77. அந்த ரெண்டு நாளும் பக்கத்து சீட்டுல லேப்டாப்பை மடியில வெச்சுட்டு உக்காந்திருந்தது நான்தான்.