பொருள்: "அரைச்சதுர முக்கோணம்" சரிதானா?

> துணித் துண்டுகளை இணைத்துப் போர்வை தைக்கும் ஒட்டுத்தையலின் அடிப்படைத் துண்டான 'ஹாஃப் ஸ்கொயர் டிரையாங்கிள்' என்பதை 'அரைச்சதுர முக்கோணம்' என்று வைத்துக்கொள்ளலாமா?

அக்கா, வணக்கம்.

சொல்லில் பிழையில்லை. ஆனால் சனிக்கிழமை சமூக மன்ற வகுப்பில் இதைச் சொன்னதும் ஓர் அம்மா, தைத்து முடித்த துண்டைத் தூக்கிக் காட்டி, "சதுரமாத்தானே இருக்கு, எது முக்கோணம்?" என்று கேட்டுவிட்டார்.

கேள்வி நியாயமானது. ஆங்கிலத்தில் ஒரே பெயர் இரண்டுக்கும் ஓடுகிறது: சதுரத்தை ஒரு மூலைவிட்டத்தில் வெட்டினால் வரும் முக்கோணத்துக்கும், அப்படி இரண்டைச் சேர்த்துத் தைத்த இருநிறச் சதுரத்துக்கும். அந்தக் குழப்பம் நமக்கு எதற்கு?

வெட்டிய துண்டுக்கு உங்கள் சொல்லே இருக்கட்டும். அதில் இழை விவரமும் அடங்கிவிடுகிறது. அரைச்சதுர முக்கோணத்தில் நீளப் பக்கம் கிராஸில், அதாவது இழைக்குச் சாய்வாக, விழும்; இழுத்தால் நெளியும். இரு மூலைவிட்டங்களிலும் வெட்டிய கால்சதுர முக்கோணத்தில் நீளப் பக்கம் நேர் இழை, குட்டைப் பக்கங்கள் கிராஸ். ('கிராஸ்' என்பதை மாற்ற வேண்டாம் என்பது என் கட்சி. சிங்கப்பூர் தேக்காவில் ரவிக்கை தைப்பவரிடம் 'மூலைவாட்டு இழை' என்றால் விழிப்பார்.)

தைத்து முடித்ததற்கு 'இருமுக்கோணச் சதுரம்'. 'ஈர்முக்கோணம்' என்று ஒருவர் எழுதியிருந்தார். 'ஈர்' உயிருக்கு முன்தான் வரும், ஈராண்டு, ஈருருளி போல. கால்சதுர முக்கோணங்கள் நான்கு சேர்ந்தால் 'நான்முக்கோணச் சதுரம்'.

சொல் வாயில் தடுக்கிறதா என்று ஒரு செய்முறை எழுதிப் பார்த்தேன்:

"வேறு வேறு நிறத்தில் இரண்டு சதுரங்களை நல்ல பக்கம் உள்ளே இருக்கும்படி வைத்து, மூலைவிட்டம் வரைந்து, கோட்டின் இருபுறமும் கால் அங்குலம் தள்ளித் தையுங்கள். கோட்டில் வெட்டினால் இரண்டு இருமுக்கோணச் சதுரங்கள். இஸ்திரிப் பெட்டியை மேலிருந்து அழுத்தி எடுங்கள், இழுத்துத் தேய்க்காதீர்கள்."

தடுக்கவில்லை.

அளவையும் சொல்லிவிடுகிறேன், துணியை மீட்டரில் வாங்கி அங்குலத்தில் வெட்டும் ஊர் இது. போர்வையில் 3 அங்குலம் தெரிய வேண்டுமானால் 3⅞ அங்குலச் சதுரம் வேண்டும். கணக்குப்படி கூட்ட வேண்டியது 0.854 தான், ⅞ சற்றே தாராளம். நான் 4 அங்குலமாகவே வெட்டி, தைத்தபின் 3½-க்கு (தெரியும் 3 அங்குலத்தோடு ஒவ்வொரு ஓரத்திலும் தையலுக்குக் கால் அங்குலம்) நறுக்கிவிடுவேன்.

அப்புறம், ஓரத்தில் தையலுக்கென்று விடும் அந்தக் கால் அங்குலம். 'தையல் விடுப்பு' என்ற பரிந்துரையைப் பார்த்தேன். எனக்கு எம்சி (மருத்துவ விடுப்பு) எடுத்த நாள்தான் நினைவுக்கு வருகிறது. 'தையலோரம்' என்றால் என்ன?