பிசிஎன்எஃப்-க்கு பிரிச்சா ஒரு ரூல் கையை விட்டு போகுது, என்ன பண்றது?

எம்.எஸ்சி டேட்டாபேஸ் டிசைன் ப்ராஜெக்ட்ல மாட்டிக்கிட்டு முழிக்கிறேன். டேபிள்ல மூணே ஃபீல்டு: மாணவர், பாடம், ஆசிரியர். ஒரு ஆசிரியர் ஒரே பாடம்தான் எடுப்பாரு, ஒரு மாணவருக்கு ஒரு பாடத்துக்கு ஒரே ஆசிரியர்தான். 3என்எஃப் (ஒரே தகவல் திரும்பத் திரும்ப வராம டேபிளை பிரிக்கிற மூணாவது நார்மல் ஃபார்ம்) ஓகே, ஆனா பிசிஎன்எஃப் அதைவிட கண்டிப்பு, ஒரு ஃபீல்டு இன்னொண்ணை தீர்மானிச்சா அது கீயா (வரிசையை தனியா அடையாளம் காட்டறதா) இருக்கணும். ஆசிரியர் பாடத்தை தீர்மானிக்குது, ஆனா கீ இல்லாததால பிசிஎன்எஃப் அடிவாங்குது. சரின்னு ஆசிரியர்-பாடம், மாணவர்-ஆசிரியர்னு ரெண்டா உடைச்சேன், ஜாயின் பண்ணா டேட்டா அப்படியே திரும்ப வருது, ஆனா அந்த ரெண்டாவது ரூலை எந்த டேபிள்லயும் யூனிக்கா போட முடியல, ஒரே மாணவர் ஒரே பாடத்துக்கு ரெண்டு ஆசிரியர்கிட்ட பதிவாகிடறாரு.

டேட்டாபேஸ் போஸ்ட்கிரெஸ் 16, டீஃபால்ட் ரீட் கமிட்டட்தான் (மத்த செஷன்ல கமிட் ஆனது மட்டும்தான் தெரியும்). இன்சர்ட் ஆகும்போது தானா ஓடி செக் பண்ற ட்ரிகர் எழுதினேன், தனியா இன்சர்ட் பண்ணா கரெக்டா பிடிக்குது, ஆனா ரெண்டு செஷன் ஓபன் பண்ணி கமிட் பண்ணாம ரெண்டுலயும் இன்சர்ட் போட்டா ஒண்ணு போட்டது இன்னொண்ணுக்கு தெரியாது, அப்புறம் கமிட் அடிச்சா ரெண்டுமே உள்ள போயிடுது. சீரியலைசபிள்னு (ஒண்ணுக்கப்புறம் ஒண்ணா ஓடின மாதிரி ரிசல்ட் வரணும்ங்கிற கண்டிப்பான மோட்) மாத்தினா ஒண்ணு 40001 எரரோட (மோதல், திரும்ப முயற்சி பண்ணுன்னு அர்த்தம்) விழுது (அது நியாயம்தான்), ஆனா ஆப்ல ரீட்ரை எழுதணும். மெட்டீரியலைஸ்டு வியூல (ஜாயின் ரிசல்ட்டை சேமிச்சு வைக்கிற காப்பி) யூனிக் இண்டெக்ஸ் போட்டும் பார்த்தாச்சு, ரிஃப்ரெஷ் பண்றப்பதான் கத்துது, அதுக்குள்ள தப்பு டேட்டா ஜம்முனு உக்காந்துடுது.

பழைய மூணு ஃபீல்டு டேபிளையே வச்சு, மாணவர்+பாடம் ப்ரைமரி கீ, ஆசிரியர்+பாடம் அந்த ஆசிரியர்-பாடம் டேபிளுக்கு ஃபாரின் கீன்னு (அங்க இருக்கிற ஜோடிதான் இங்க வரலாம்) போட்டா எல்லாம் சுத்தமா வேலை செய்யுது. எனக்கு அதுவே போதும், கைடு பிசிஎன்எஃப்தான் வேணும்ங்கிறார். அடுத்த வாரம் ரிவ்யூ.

பிசிஎன்எஃப்-ஐ விடாம, ஆப்ல ரீட்ரையும் எழுதாம, இந்த ரூலை டேட்டாபேஸ்லயே பிடிக்க வழி இருக்கா?